தாப்பாவிலிருந்து ஒரு கேள்வி: கேமரன் மலையில் பனி பெய்யுமா?

கேள்வி: ஐயா, தாப்பா பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கும் நான்கு நண்பர்கள் நாங்கள். மூன்று வருடமாக மழையளவும் வெப்பநிலையும் தினமும் குறித்து வருகிறோம். போன ஜனவரியில் ஒரு காலை எங்கள் வெப்பமானி 20 டிகிரிக்குக் கீழே காட்டியது. கேமரன் மலையில் ஐஸ் விழுந்த காணொளி ஒன்றையும் பார்த்தோம். அடுத்த குளிர் அலை வரும்போது பிரிஞ்சாங் மலை உச்சிக்குப் போய் விடிய விடியக் காத்திருக்கலாம் என்று இருக்கிறோம். பனி விழ வாய்ப்பு உண்டா? எந்த நாளில் போகலாம்?

பதில்: பனி விழாது. ஆனால் பயணத்தைக் கைவிட வேண்டாம், போகும் தேதியையும் இடத்தையும் மட்டும் மாற்றுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்தக் காணொளி. நம் மொழியில் புல் நுனியில் நிற்பதும் பனி, பால் மரக் காட்டில் விடியலில் தொங்கும் மூட்டமும் பனி, இமயமலையில் கொட்டுவதும் பனி. இந்த ஒரே சொல்லால் வரும் குழப்பம் நிறைய. நீங்கள் பார்த்தது ஆலங்கட்டி. இடிமேகத்துக்குள் மேலெழும் காற்று நீர்த்துளிகளை உறையும் உயரத்துக்குத் தூக்கிப்போய்க் கட்டியாக்குகிறது. நம் மலேசியாவுக்கு மேலே வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடுவது ஏறக்குறைய 5,000 மீட்டரில். ஒரு சென்டிமீட்டர் ஆலங்கட்டி நொடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் விழும். எட்டு ஒன்பது நிமிடத்தில் தரைக்கு வந்துவிடுவதால் முழுதாகக் கரைய நேரம் இருப்பதில்லை. பனித்துகளோ நொடிக்கு ஒரு மீட்டர்தான் இறங்கும். அதே தூரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அந்த உறைநிலை மட்டத்துக்குக் கீழே சில நூறு மீட்டர் இறங்குவதற்குள் அது மழைத்துளியாகிவிடும்.

பிரிஞ்சாங் உச்சி 2,031 மீட்டர். உறைநிலை மட்டம் அதற்கு மேல் இன்னும் 3,000 மீட்டர் தள்ளி இருக்கிறது. தீபகற்பத்தின் மிக உயரமான தாகான் மலையே 2,187 மீட்டர்தான். சபாவில் 4,095 மீட்டர் கினாபாலு உச்சியில் மட்டும் எப்போதாவது பாறைகள் மேல் வெள்ளையாகப் பனிக்கட்டி படிவதுண்டு. 2022 பிப்ரவரியில் அப்படி நடந்தது.

சரி, குளிர் அலை? இங்கேதான் பலர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். சைபீரியாவில் கிளம்பி சீனா வழியாக வரும் அந்தக் காற்று உண்மையிலேயே குளிர்ந்த காற்றுதான். வியட்நாமின் வடக்கே சாப்பா என்று ஒரு மலை ஊர் இருக்கிறது. உயரம் சுமார் 1,500 மீட்டர், நம் தானா ராத்தாவை விடக் கொஞ்சம்தான் அதிகம். அங்கே 2016 ஜனவரியில் பனி கொட்டியது. காரணம், காற்று அங்கே நிலத்தின் வழியாகவே வந்து சேர்ந்துவிடுகிறது. நம்மிடம் வருவதற்கு முன் அது தென்சீனக் கடலைக் கடந்தாக வேண்டும். வெதுவெதுப்பான அந்தக் கடல்மேல் நாள் கணக்கில் வரும்போது சூடும் ஈரமும் ஏறிவிடும். கடைசியில் நமக்குக் கிடைப்பது மேகமும் மழையும். 2018 ஜனவரியில் பல ஊர்களில் பகலிலேயே சிலிர்க்க வைத்த குளிர் நினைவிருக்கும். அது வெயில் படாததாலும் மழை நனைத்ததாலும் வந்த குளிர். மேகம் இரவில் போர்வை மாதிரி தரையின் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் பகல் குளிர்ந்தாலும் விடியற்காலை அதிகம் இறங்காது.

கேமரன் மலையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி. நாட்டின் வானிலை நிலையங்களிலேயே அதுதான் மிகக் குறைவு. தேதியைப் பாருங்கள்: 1978 பிப்ரவரி 1. அடைமழைக் காலம் ஓய்ந்து காற்று உலரத் தொடங்கும் நேரம். மேகமில்லாத, காற்று அசையாத, உலர்ந்த இரவில்தான் தரையின் சூடு தடையில்லாமல் மேலே போகும். “தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்” என்று நம் பாட்டிமார்கள் சொன்னது தமிழ்நாட்டுக் குளிரை; ஆனால் மாதக் கணக்கு நம் மலைக்கும் பொருந்துகிறது.

உங்களுக்கு என்னைவிட நல்ல அடையாளம் தோட்டத்திலேயே இருக்கிறது. தைப்பூசத்தை ஒட்டிப் பால் மரங்கள் இலை பழுத்து உதிரத் தொடங்கும் அல்லவா, அந்த உலர்ந்த வாரங்கள்தான் உங்கள் காலம். கூடவே வானிலை பலூன் கணக்கையும் பாருங்கள். பினாங்கிலும் சிப்பாங்கிலும் காலை 8, இரவு 8 மணிக்குப் பலூன் விடுகிறார்கள். அது மேலே போகப் போக அளக்கும் வெப்பநிலையையும் ஈரத்தையும் அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத் தளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். 1,500 மீட்டரிலும் 3,000 மீட்டரிலும் காற்று உலர்ந்திருந்தால் அன்றிரவு கேமரன் மலைக்குப் போகலாம்.

போகும்போது உச்சிக்கு ஏறாதீர்கள். தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று எடை கூடிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். பள்ளத்தாக்கில் ஒரு காய்கறித் தோட்டக்காரரிடம் அனுமதி கேட்டு, திறந்த புல்தரையில் ஒரு வெப்பமானி, அதற்கு நேர் மேலே ஒன்றரை மீட்டர் உயரத்தில் இன்னொன்று வையுங்கள். புல்மட்டத்தில் மூன்று நான்கு டிகிரி குறைவாகக் காட்டக்கூடும். அந்த வித்தியாசத்தை நீங்களே அளந்து பார்ப்பது, பனிக்காகக் காத்திருந்து ஏமாறுவதைவிட எவ்வளவோ மேல். கை விறைக்கும், கையுறை வேண்டும்.

அப்புறம் அந்த 20 டிகிரி. வெப்பமானி எங்கே தொங்குகிறது என்று நீங்கள் எழுதவில்லை. லயத்துச் சுவரிலோ தகரக் கூரைக்கு அடியிலோ என்றால் பகல் அளவு நிச்சயம் தப்பு. வெள்ளை பிளாஸ்டிக் பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்து, விரலளவு இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நல்ல நிழற்கூடு கிடைக்கும். அதைப் புல்தரைமேல், மார்பளவு உயரத்தில் நிறுத்துங்கள். வெப்பமானி சரியா என்று பார்க்க ஒரு பிளாஸ்கில் நொறுக்கிய ஐஸை நிரப்பிக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, தண்ணீர் புகாத உணர்முனையைப் பத்து நிமிடம் வையுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். அரை டிகிரி தள்ளிக் காட்டினால் அதைக் குறித்துக்கொண்டு பழைய அளவுகளிலும் கழித்துப் பாருங்கள்.

வானத்திலிருந்து ஐஸ் விழுவதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர் மாதங்களின் பிற்பகல் இடிமழையைக் கவனியுங்கள். ஆலங்கட்டி விழுந்தால் இடி அடங்கும்வரை வீட்டுக்குள்ளேயே இருங்கள். பிறகு ஒன்றை எடுத்து 20 சென் நாணயத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். அந்த நாணயம் சுமார் 2 சென்டிமீட்டர். இன்னும் இரண்டை உறைபெட்டியில் போட்டு, மறுநாள் ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். உள்ளே வெங்காயம் போல வெளுப்பும் தெளிவுமாக வளையங்கள் தெரிந்தால் எண்ணி, விழுந்த நேரத்தோடு சேர்த்து எழுதி வையுங்கள்.