ட்ரிப்ஸ் போட்ட கையில் தழும்பு: ஊசி உள்ளேயே இருக்கிறதா?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து மாதம் ஆகிறது. 36 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். மூன்றாம் நாள் வலிப்பு வந்து ஒன்பது நாள் பெட்டியில் வைத்திருந்தார்கள். கால்சியம் குறைவு என்று வலது கையில் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். அந்த இடம் வீங்கிக் கறுத்து, பொருக்கு கட்டி, ஒரு மாதம் கழித்து உதிர்ந்தது. இப்போது புறங்கையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தழும்பு. தொட்டால் உள்ளே நொய்யரிசி போல நெருடுகிறது. ஊசி முனை உடைந்து உள்ளேயே தங்கிவிட்டது என்கிறார் நாத்தனார். கன்னத்தில் வெளுத்த திட்டு, குதிகாலில் புள்ளி புள்ளியாகத் தடம். பெண் பிள்ளை வேறு. இதெல்லாம் மறையுமா? மருத்துவமனையில் தவறு செய்துவிட்டார்களா? - ஒரு தாய், பாலக்கோடு

பதில்: முதலில் உங்கள் நாத்தனாருக்குச் சொல்லிவிடுகிறேன். நெருடுவது ஊசி முனை அல்ல. ட்ரிப்ஸ் ஏற்றும் குழாயான கேனுலாவைப் போடும்போது இரும்பு ஊசி வழிகாட்டத்தான் போகிறது. குழாய் இரத்த நாளத்துக்குள் இறங்கியதும் ஊசியை உருவிவிடுவார்கள். கையில் பிளாஸ்டர் ஒட்டி வைத்திருந்தது மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மட்டும்தான்.

அப்படியானால் நொய் எங்கிருந்து வந்தது? கால்சியத்திலிருந்து. நம் பக்கத்து போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, கிட்டத்தட்ட அதே கதைதான். வலிப்புக்குக் கொடுக்கும் கால்சியம் குளுக்கோனேட் இரத்தத்துக்குள் போனால் மருந்து. நாளத்தை விட்டு வெளியே கசிந்தால் தோலையும் அடியிலுள்ள கொழுப்பையும் புண்ணாக்கும். ஆறிய பிறகு அங்கே உப்பாகப் படிந்துவிடும். இந்தப் படிவு பெரும்பாலும் சில மாதங்களில் தானே கரையும். கீறி எடுக்கவோ பிதுக்கவோ வேண்டாம். வெள்ளையாகச் சுண்ணாம்பு போல வெளியே வந்தாலோ, சிவந்து சூடாக இருந்தாலோ, சீழ் வைத்தாலோ உடனே காட்டுங்கள். சந்தேகம் தீர வேண்டுமென்றால் ஒரு எக்ஸ்ரே போதும், நாத்தனாரிடமும் காட்டலாம்.

தவறு நடந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். பிறந்த குழந்தையின் இரத்த நாளம் நூல் மாதிரி. நல்ல வார்டிலும் கசியும். ஆனால் அந்த இடத்தைப் பிளாஸ்டரால் முழுக்க மூடாமல், மணிக்கொரு தரமாவது பார்த்து, வீக்கம் தெரிந்த உடனே மருந்தை நிறுத்துவது வார்டின் வேலை. எந்த மருந்து, எப்போது கசிந்தது, கவனித்ததும் என்ன செய்தார்கள் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியில் இது எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் கையைப் பார்க்கப்போகும் டாக்டருக்கும் அது தேவை.

கன்னத்துத் திட்டு பிளாஸ்டரை உரிக்கும்போது மேல்தோல் கொஞ்சம் போன இடம். சில மாதங்களில் நிறம் சேரும். குதிகால் புள்ளிகள் சர்க்கரை பார்க்கக் குத்திய தடங்கள். அவையும் மங்கும். அங்கே கடுகு மாதிரி வெள்ளை முடிச்சு தெரிந்தாலும் பயப்பட வேண்டாம், அதுவும் கால்சியம்தான். நடக்க ஆரம்பித்துச் சில மாதங்களில் பெரும்பாலும் போய்விடும்.

புறங்கைத் தழும்பு அப்படி முழுதாக மறையாது. ஒன்று, ஒன்றரை வருடத்தில் சிவப்பு போய், தட்டையாகி, சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் வெளுத்து நிற்கும். அதற்குள் நீங்கள் செய்யக்கூடியது, தேங்காய் எண்ணெயோ வாசலினோ தொட்டு, கட்டை விரலால் தழும்பு வெளுக்கும் அளவுக்கு அழுத்தி, மெதுவாக வட்டமாகத் தேய்ப்பது. நாளுக்கு மூன்று நான்கு தடவை, ஐந்து நிமிடம். புண் எங்கும் திறந்திருக்கக் கூடாது, அதுதான் நிபந்தனை. தோட்டத்துக்குத் தூக்கிப் போகும்போது முழுக்கைச் சட்டை போடுங்கள்; வெயில் பட்டால் தழும்பு கறுத்துப்போகும். சிலிகான் ஜெல் பயன் தரும், ஆனால் எந்நேரமும் கையை வாயில் வைக்கும் வயது, அதனால் டாக்டரைக் கேட்டுவிட்டு இரவில் மட்டும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ‘சிகப்பாக்கும்’ கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது, குழந்தைத் தோலைக் காகிதமாக்கிவிடும். அப்புறம், அந்தக் கையில் கறுப்பு வளையலோ வசம்பு வளையலோ போட்டிருந்தால் இடது கைக்கு மாற்றுங்கள். திருஷ்டி கழிய எந்தக் கையானாலும் சரி, தழும்புக்கு உராய்வு ஆகாது.

நிறத்தைவிட எனக்கு முக்கியம் விரல்கள். அவள் வலது கையை மூடும்போது பாருங்கள். முஷ்டி முழுதாக மூடுகிறதா, இல்லை தழும்பு வெள்ளையாக இழுத்துக்கொண்டு விரல்கள் பாதியில் நின்றுவிடுகின்றனவா? இடது கையோடு ஒப்பிட்டால் உடனே தெரியும். இழுத்தால் இப்போதே பிசியோதெரபி தொடங்க வேண்டும். பிள்ளை வளரும் வேகத்துக்குத் தழும்பு வளராது என்பதால், இன்று சரியாக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைப் பாருங்கள்.

இன்னொரு சோதனை. அவளை மடியில் வைத்து, பளபளக்கும் ஸ்பூனை நடுவில் காட்டுங்கள். சீக்கிரம் பிறந்ததால் வயதில் ஒரு மாதத்தைக் கழித்து நான்கு மாதமாகக் கணக்கிடுங்கள். எட்டிப் பிடிப்பதை இப்போதுதான் கற்பாள். அடுத்த சில வாரங்களில் எப்போதும் இடது கையே வந்தால், வலது கட்டை விரல் உள்ளங்கைக்குள் மடங்கியே இருந்தால், தழும்பால்தான் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு வயதுக்கு முன் ஒரு கையை மட்டுமே பயன்படுத்துவது இயல்பல்ல. வலிப்பு வந்த குழந்தைக்கு அதை மூளையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டில் எல்லோரும் கையைப் பார்க்கிறார்கள், வலிப்பைப் பற்றிக் கடிதத்தில் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். கால்சியம் குறைவால் மட்டும் வந்த வலிப்பு என்றால் பெரும்பாலும் வளர்ச்சியைப் பாதிப்பதில்லை. இருந்தாலும் தலை நிற்கிறதா, பார்வை, கேட்கும் திறன், எல்லாம் சோதிக்கப்பட வேண்டும்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குப் போய், குழந்தைகளின் வளர்ச்சியைச் சோதித்துச் சிகிச்சை தரும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். கட்டணம் இல்லை. கைக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் அதற்கென்றே தனித் துறை இருக்கிறது. வைட்டமின் டி சொட்டு மருந்து தினமும் 400 யூனிட் கொடுக்கிறீர்களா? நிறுத்தியிருந்தால் தருமபுரியில் பார்க்கும் குழந்தைகள் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.