பாதியில தெரிஞ்ச பேரு

வணக்கம் சார்,

ராபர்ட் கால்பிரெய்த்னு ஒருத்தர் எழுதின 'தி குக்கூஸ் காலிங்' பழைய புத்தகக் கடையில கெடச்சுது. யாரோ புது ஆளுன்னு நெனச்சு படிச்சேன், செமயா போச்சு. பாதியில தங்கச்சி அட்டைய பாத்துட்டு "அண்ணா, இது ஜே.கே. ரௌலிங் எழுதினது"ன்னுட்டா. அதுக்கப்புறம் எந்தப் பக்கத்த பாத்தாலும் ஹாரி பாட்டர் வாடைதான், மூடி வச்சிட்டேன். பேர மறைச்சு எழுதறது வாசகன ஏமாத்தற வேலை இல்லையா?

ஒரு வாசகர், மதுரை

அன்பு நண்பருக்கு,

தங்கச்சிய ஒண்ணும் சொல்லாதீங்க, லண்டன்லயும் இதே கதைதான் நடந்துச்சு. ரௌலிங்கோட வக்கீல் ஆபீஸ்ல ஒருத்தர் தன் மனைவியோட ஃப்ரெண்டுகிட்ட ரகசியம்னு சொல்ல, அந்தம்மா அத ட்விட்டர்ல ஒரு பத்திரிகைக்காரங்ககிட்ட போட்டு உடைக்க, 2013 ஜூலைல சண்டே டைம்ஸ் பேப்பர்ல வந்துடுச்சு. புத்தகம் வந்து மூணே மாசம். அதுவரைக்கும் பிரிட்டன்ல வித்தது சுமார் 1500 காப்பி, பேரு தெரிஞ்ச உடனே அமேசான்ல முதல் இடம். உள்ள ஒரு கமா கூட மாறல சார்!

இன்னொரு வேடிக்கை, பேட்ரிக் ஜுவோலான்னு ஒரு அமெரிக்க புரொஃபசர் இது ரௌலிங் எழுத்துதானான்னு புத்தகத்த கம்ப்யூட்டர்ல போட்டு பாத்தார். அவர் கதை என்னன்னு பாக்கல, வார்த்தைங்க எத்தன எழுத்து நீளம், அடிக்கடி வர்ற சின்னச் சின்ன வார்த்தைங்க எவ்வளவு தடவ வருது, இப்படித்தான் எண்ணினார், அதுலயே ரௌலிங் மாட்டிக்கிட்டாங்க. நாம பேச்சுல 'வந்து வந்து'ன்னு இழுக்கறது நமக்கே தெரியாதுல்ல, அந்த மாதிரிதான்.

ஏமாத்தறதான்னு கேட்டீங்க. பேர மாத்திக்கறது என்னைப் பொறுத்தவரை தப்பே இல்ல. ஸ்ரீரங்கத்து ரங்கராஜன் பொண்டாட்டி பேர வச்சுக்கிட்டு சுஜாதாவா 'நைலான் கயிறு' எழுதினப்ப நாம என்ன கேஸா போட்டோம்? ஆனா கால்பிரெய்த் ராணுவ போலீஸ்ல வேல பாத்தவர், ரெண்டு பசங்கன்னு ஒரு பொய் பயோடேட்டா குடுத்தாங்க பாருங்க, அது கொஞ்சம் ஓவர்தான். அதுலயும் கூத்து என்னன்னா, அந்தக் குறிப்போட கடைசியிலயே இது புனைபெயர்னு போட்டிருந்தாங்க. துப்பு கண்ணு முன்னாடியே இருந்திருக்கு, யாரும் கண்டுக்கல.

நான் பேரு தெரிஞ்சுதான் படிச்சேன். முதல் நாப்பது பக்கம் உங்கள மாதிரிதான், மந்திரக்கோல் எங்கன்னு தேடிட்டே இருந்தேன். அப்புறம் கதையில வர்ற துப்பறியற ஆள் ஸ்டிரைக் என்னைப் பிடிச்சுக்கிட்டான். ஒரு கால் ஆப்கானிஸ்தான்ல போச்சு, காதலிய விட்டுட்டு வந்து டென்மார்க் ஸ்ட்ரீட் ஆபீஸ்லயே கேம்ப் கட்டில் போட்டு படுத்துக்கிட்டு கப் நூடுல்ஸ் தின்னு காலத்த ஓட்டறான், அவன்கிட்ட செக்ரட்டரியா வேலைக்கு வந்த ராபினுக்கு அவன் அங்கதான் குடியிருக்கான்னு புரிஞ்சும் புரியாத மாதிரியே நடந்துக்கறா. அந்த எடத்துல எனக்கு ரௌலிங்கும் மறந்து போச்சு, ஹாரியும் மறந்து போச்சு. நீங்க அந்த எடத்த தாண்டியிருப்பீங்களே, அப்ப உங்களுக்கு எந்த வாடையும் அடிக்கலல்ல? அதே எழுத்துதான் மீதியிலயும் இருக்கு.

ரெண்டு மாசம் கழிச்சு அட்டைக்கு நியூஸ்பேப்பர் போட்டு முதல்லேர்ந்து ஆரம்பிங்க. எழுதினது யாருன்னுதான உங்களுக்கு தெரிஞ்சுது, கொலை பண்ணது யாருன்னு இன்னும் தெரியாதே. எனக்கு புத்தகத்த கடன் குடுத்த மகராசன், கையில குடுக்கும்போதே அதையும் சொல்லித்தான் குடுத்தான்.