லீக் டூ கிளப்பும் கூப்பிடுகிறது, பல்கலைக்கழகமும் கூப்பிடுகிறது: மகன் எங்கே போகட்டும்?

கேள்வி: நாங்கள் ஸ்காட்லாந்தில், லிவிங்ஸ்டனில் இருக்கிறோம். மகனுக்கு 18 வயது. ஒரு முழுநேர கால்பந்து கிளப்பின் இளைஞர் அணியில் ஆடிவந்தான், இந்த சீசனோடு விட்டுவிட்டார்கள். இப்போது நான்காம் பிரிவான லீக் டூவில் ஆடும் கிளப் ஒன்று ஒரு வருடத்துக்குப் பகுதிநேர ஒப்பந்தம் தருகிறேன் என்கிறது. கிளாஸ்கோவில் இன்ஜினியரிங் சீட்டும் கிடைத்திருக்கிறது. கையெழுத்துப் போட்டால் படிப்பு போய்விடுமா? பகுதிநேர ஆட்டம் மேலே போகிற வழியா, சும்மா பொழுதுபோக்கா? இரண்டு வாரத்தில் பதில் சொல்லச் சொல்கிறார்கள்.

பதில்: கால்பந்தைப் பற்றிப் பேசும் முன் அவனுடைய விசாவை எடுத்துப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. மகனிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோ நிரந்தரமாகத் தங்கும் அனுமதியோ இருந்தால் அடுத்த பத்திக்குப் போய்விடலாம். உங்களுடைய ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் அவன் டிபென்டன்டாக இருந்தால் நிலைமையே வேறு. டிபென்டன்ட் எந்த வேலைக்கும் போகலாம், ஆனால் தொழில்முறை விளையாட்டு வீரராகவோ பயிற்சியாளராகவோ மட்டும் வேலை செய்யக் கூடாது. மாணவர் விசாவிலும் இதே தடை உண்டு. 'பகுதிநேரம்தானே, வாரத்துக்குக் கொஞ்சம் பவுண்டுதானே' என்பதெல்லாம் எடுபடாது. குடியேற்ற விதியில் தொழில்முறை வீரர் என்ற சொல்லுக்குள் அரைத் தொழில்முறை ஆட்டமும் வருகிறது, சம்பளம் வாங்காமல் ஆடினாலும் வருகிறது. கிளப்பில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொட வேண்டும். பின்னால் குடும்பமே நிரந்தர அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது இது வந்து நிற்கும்.

சரி, அந்தப் பிரச்சினை இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

ஸ்காட்லாந்தின் நான்கு லீக் பிரிவுகளிலும் சேர்த்து 42 கிளப்புகள். பிரீமியர்ஷிப்பில் 12, சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ மூன்றிலும் பத்துப் பத்து. மேலே முழுநேரம், கீழே இறங்க இறங்கப் பகுதிநேரம். லீக் டூவில் பெரும்பாலான வீரர்களுக்குப் பகலில் வேறு வேலை இருக்கும். பள்ளி ஆசிரியர், எலக்ட்ரீஷியன், தபால்காரர், மாணவர் என்று எல்லாரும் ஒரே உடைமாற்றும் அறையில் இருப்பார்கள். இங்கே அது யாருக்கும் வினோதமாகத் தெரிவதில்லை. ஐம்பது லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் நாட்டில் 42 கிளப்புகளுக்கும் முழுநேரச் சம்பளம் கொடுக்கப் பணம் கிடையாது.

பொழுதுபோக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆர்ப்ரோத் கிளப்பைப் பாருங்கள். கடலை ஒட்டிய கேஃபீல்ட் மைதானம், அலை உயர்ந்தால் தண்ணீர் சுவரைத் தாண்டி உள்ளே தெறிக்கும். 2021-22 சீசனில் டிக் கேம்ப்பெல் மேனேஜராக இருந்தபோது, இந்தப் பகுதிநேர அணி சாம்பியன்ஷிப்பில் ஒன்றைத் தவிர மற்ற முழுநேர கிளப்புகளையெல்லாம் தள்ளிவிட்டு இரண்டாவதாக வந்தது. கில்மார்னாக்குடன் கடைசி வாரங்கள் வரை முதலிடத்துக்கு மல்லுக்கட்டியது. மேலே ஏறுவதற்கான பிளே-ஆஃப் அரையிறுதியில் இன்வர்னஸிடம் பெனால்டியில் தோற்றிருக்காவிட்டால் பிரீமியர்ஷிப்பை இன்னும் நெருங்கியிருக்கும். அந்த அணியின் விங்கர் பாபி லின், குப்பை வண்டியில் வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர். இன்னும் கீழே போனால், 2023 ஜனவரி 23, திங்கள் இரவு, ஆறாம் நிலையில் ஆடிய டார்வெல் ஸ்காட்டிஷ் கோப்பையில் பிரீமியர்ஷிப் கிளப்பான அபர்தீனை 1-0 என்று வீழ்த்தியது. டார்வெல் ஈஸ்ட் அயர்ஷையரில் ஒரு சின்ன ஊர். ஆக, ஆட்டத்தின் தரத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். நேரத்தைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

பகுதிநேரம் என்றதும் சனிக்கிழமை மாலை மட்டும் என்று பல பெற்றோர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான கிளப்புகளில் செவ்வாய், வியாழன் இரவுப் பயிற்சி. சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம். பையனின் செவ்வாய்க்கிழமையைக் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள். காலை ஒன்பது மணிக்குக் கிளாஸ்கோவில் வகுப்பு. நாலு மணிக்கு லேப் முடியும். ஐந்தரைக்கு யாராவது ஒரு சீனியர் வீரர் மோட்டார்வே ஓரத்துக் கார் நிறுத்தத்தில் ஏற்றிக்கொள்வார். டப்பாவில் கொண்டுபோன பாஸ்தாவைக் காரிலேயே சாப்பிட்டாக வேண்டும், ஏனென்றால் ஏழு மணிக்குப் பயிற்சி. ஒன்பதுக்கு முடிந்து, வீட்டுக்கு வரும்போது பத்தரை தாண்டியிருக்கும். அப்புறம் குளியல், சாப்பாடு. தூக்கம் உடனே வராது, ஆடிவிட்டு வந்த உடம்பு அடங்க நேரம் எடுக்கும். புதன் காலை ஒன்பதுக்கு மறுபடி வகுப்பு. வியாழனும் இதே கதை.

அதனால் அந்த கிளப்பிடம் முதலில் கேட்க வேண்டியது 'எவ்வளவு தருவீர்கள்' என்பதல்ல, 'பயிற்சி எங்கே நடக்கிறது' என்பது. மைதானம் ஓர் ஊரில் இருக்கும், பயிற்சி வேறு ஊரில் நடக்கும். வீரர்களில் பாதிப் பேர் கிளாஸ்கோ, எடின்பரோ பக்கம் வசிப்பதால், தொலைதூர கிளப்புகள் நடுப்பகுதியில் செயற்கைப் புல்தரை ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பயிற்சி நடத்துவது சகஜம். மைதானம் நூறு மைல் தள்ளி இருந்தாலும், பயிற்சி ஃபால்கர்க் பக்கம் என்றால் உங்கள் மகனுக்குச் சிரமம் இல்லை. இதே கிளப் உள்ளூரிலேயே பயிற்சி வைத்தால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். வீட்டிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ முக்கால் மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடிய வேண்டும்; அதற்கு மேல் போனால் நவம்பர் மாதம் பையன் தாங்க மாட்டான். கணக்கில் பெட்ரோல் யாருடையது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளியூர் ஆட்டங்கள் தனி. பத்து அணிகள், ஒவ்வொன்றும் மற்றதோடு நான்கு முறை, மொத்தம் 36 லீக் ஆட்டங்கள். வடகிழக்கில் இருக்கும் எல்ஜினுக்கு வருடத்தில் இரண்டு முறை போக வேண்டும், தென்மேற்கில் இருக்கும் ஸ்ட்ரான்ரேருக்கும் அப்படித்தான். அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே சாலை வழியில் 250 மைலுக்கு மேல். சனிக்கிழமை முழுக்கப் போய்விடும், அது பரவாயில்லை. வில்லங்கம் குளிர்காலத்தில்தான். தரை உறைந்துவிட்டது என்று நடுவர் காலையில் வந்து பார்த்து ஆட்டத்தை ஒத்திவைப்பார், அணி பேருந்து அதற்குள் பாதி வழி வந்திருக்கும். ஒத்திவைத்த ஆட்டம் பிறகு ஒரு செவ்வாய் இரவுக்குப் போகும். எல்ஜினில் செவ்வாய் இரவு ஆட்டம் என்றால் மதியமே கிளம்ப வேண்டும், வீடு திரும்ப நள்ளிரவு தாண்டும். வேலைக்குப் போகும் வீரர்கள் அரைநாள் லீவு போடுவார்கள். உங்கள் மகன் லேபைத் தவறவிடுவான். ஒன்றிரண்டு முறை நடக்கும், அதற்குமேல் ஆகாது. துறை ஆலோசகரிடம் செப்டம்பரிலேயே சொல்லி வைத்துவிட்டால் பெரும்பாலும் ஒத்துழைப்பார்கள்.

தேர்வுகளைப் பொறுத்தவரை டிசம்பர் சமாளிக்கக்கூடியது. ஏப்ரல், மே மாதம்தான் நெருக்கடி. லீக் முடியும் நேரமும் தேர்வு நேரமும் ஒன்றாக வரும். அணி கடைசி இடத்தில் இருந்தால் இன்னும் மோசம், லீக் முடிந்த பிறகும் ஆட வேண்டியிருக்கும். லீக் டூவுக்கு அடுத்த கீழ் நிலையான ஹைலேண்ட் லீக், லோலேண்ட் லீக் வெற்றியாளர்கள் தங்களுக்குள் மோதி, அதில் ஜெயித்தவர் லீக் டூவில் கடைசியாக வந்த அணியுடன் மோதுவார். 2021ல் கெல்டி ஹார்ட்ஸ் இப்படித்தான் ஏறியது, பிரெக்கின் சிட்டி இறங்கியது. 2023ல் ஸ்பார்டன்ஸ் ஏற, ஆல்பியன் ரோவர்ஸ் இறங்கியது. எனவே கிளப் கடந்த சீசனில் எந்த இடத்தில் முடித்தது என்று பாருங்கள். அணி கீழே விழுந்தால் ஒப்பந்தமும் சம்பளமும் என்னாகும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். ஒரு வருட ஒப்பந்தம் என்பது இந்த விஷயத்தில் உங்களுக்குச் சாதகம்.

பணத்தைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. லீக் டூ சம்பளத்தில் வாடகை கட்ட முடியாது. பூட்ஸ், பெட்ரோல், கைச்செலவு போக ஏதாவது மிஞ்சினால் லாபம். ஆனால் என்ன படிவத்தில் கையெழுத்து என்பது முக்கியம். எழுத்து ஒப்பந்தம் இருந்து, செலவுக்கு மேல் பணம் வாங்கினால் அவர் தொழில்முறை வீரர். ஆன செலவை மட்டும் வாங்கினால் அமெச்சூர். சில கிளப்புகள் இளம் வீரர்களுக்கு முதலில் அமெச்சூர் படிவத்தைத்தான் நீட்டும். அது கெட்டதல்ல, அவனை அதிகம் கட்டிப்போடாது. சம்பளம் என்றால் வரி பிடித்துத்தான் தருவார்கள். அவன் ஏற்கெனவே ஞாயிற்றுக்கிழமைகளில் சூப்பர் மார்க்கெட் வேலை பார்க்கிறான் என்றால் கிளப் சம்பளம் இரண்டாவது வேலைக் கணக்கில் வரும், முதல் பவுண்டிலிருந்தே வரி போகும். ஆண்டு வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால் திரும்ப வாங்கலாம், ஆனால் யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும். வீட்டில் அந்த வேலை உங்களுக்குத்தான் வரும்.

காயம் பட்டால் என்ன? இதைத்தான் பெற்றோர்கள் கேட்க மறக்கிறார்கள். முழுநேர கிளப்பில் பிசியோ தினமும் பக்கத்தில் இருப்பார். இங்கே செவ்வாய், வியாழன், சனிதான். ஞாயிறு காலை கணுக்கால் வீங்கினால் ஐஸ் வைத்துக்கொண்டு வீட்டில்தான் இருக்க வேண்டும். ஆடாத வாரங்களில் சம்பளம் உண்டா, ஸ்கேன் தேவைப்பட்டால் கிளப் காப்பீட்டில் வருமா, தேசிய மருத்துவச் சேவையின் வரிசையில் நிற்க வேண்டுமா என்ற மூன்றுக்கும் பதில் வாங்குங்கள். தொழில்முறை வீரர்களின் சங்கமான பி.எஃப்.ஏ. ஸ்காட்லாந்தில் பகுதிநேர வீரர்களும் சேரலாம். ஒப்பந்தத்தை அவர்களிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஏஜென்ட் எதற்கு? இந்த நிலையில் தேவையே இல்லை.

மேலே போகிற வழியா என்ற கேள்விக்கு எல்லாரும் சொல்லும் உதாரணம் ஆண்டி ராபர்ட்சன். செல்டிக் இளைஞர் அணியிலிருந்து விடுபட்டு, 2012ல் உங்கள் மகனின் வயதில், ஸ்காட்லாந்தின் மிகப் பழைய கிளப்பான குயின்ஸ் பார்க்கில் ஆடினார். 1867ல் தொடங்கிய அந்த கிளப் அப்போது முழுக்க அமெச்சூர். 2019ல்தான் அதை மாற்ற வாக்களித்தது. ஆடியதற்குச் சம்பளம் கிடையாது. தேசிய மைதானமான ஹாம்ப்டன் பார்க்கில் போனில் டிக்கெட் ஆர்டர் எடுக்கும் வேலையும் பார்த்தார். காசில்லாமல் இந்த வயசு வாழ்க்கை சகிக்கவில்லை, வேலை வேண்டும் என்று அந்த ஆகஸ்ட் மாதம் ட்விட்டரில் புலம்பினார். 2013ல் டண்டீ யுனைடெட், 2014ல் ஹல் சிட்டி, 2017ல் லிவர்பூல், பிறகு ஸ்காட்லாந்து அணித் தலைவர். உண்மைதான். ஆனால் அவரோடு ஆடிய மற்றவர்களின் பெயரை யாரும் சொல்வதில்லை. பையனிடம் ராபர்ட்சன் கதையைச் சொல்பவர்கள் சொல்லட்டும், நீங்கள் அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

கீழ்ப் பிரிவில் ஆடுவதில் வேறொரு நிச்சயமான லாபம் இருக்கிறது. இளைஞர் அணியில் அவன் தன் வயசுப் பையன்களோடுதான் ஆடியிருப்பான். லீக் டூவில் முப்பத்தைந்து வயது சென்டர்-பேக் ஒருவர் முதல் பத்து நிமிடத்திலேயே முழங்கையைக் காட்டுவார், மூன்று புள்ளி போனால் வெற்றி போனஸும் போய்விடும் என்று சக வீரரே கத்துவார். அதில் ஒரு சீசன் தாக்குப்பிடித்த பையனை மேல் பிரிவு மேனேஜர்கள் கவனிக்கிறார்கள். ஆனால் அதற்கு அவன் களத்தில் இருக்க வேண்டும். மேல் கிளப்புகளிலிருந்து கடனுக்கு வரும் இளம் வீரர்கள் அவன் ஆடும் இடத்திலேயே எத்தனை பேர் என்று கேளுங்கள். இரண்டு பேர் என்றால் அவன் பெஞ்சில் உட்காரத்தான் எல்ஜின் வரை போவான். அப்படியானால் லோலேண்ட் லீக் அணி ஒன்றில் வாரா வாரம் ஆடுவது மேல். அவனைப் பயிற்றுவித்ததற்காகப் பழைய கிளப் புது கிளப்பிடம் இழப்பீடு கேட்குமா என்பதையும் இப்போதே தீர்த்துவிடுங்கள். பல பையன்களுக்கு ஒப்பந்தம் அங்கேதான் சிக்கிக்கொள்கிறது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால்: இன்ஜினியரிங் சீட்டை எடுங்கள், ஒரு வருடம் தள்ளிப்போட வேண்டாம். பயிற்சி இரவில், முக்கால் மணி நேரத்துக்குள் என்றால் ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடட்டும். பகலில் பயிற்சி வைக்கும் பாதி முழுநேர கிளப் என்றால் மறுத்துவிடுங்கள், படிப்போடு அது ஒத்துவராது. மேனேஜரிடம் தேர்வு தேதிகளை இவனே போய்ச் சொல்லட்டும், நீங்கள் போன் செய்யாதீர்கள். பதினெட்டு வயதில் அப்பா பேசுவதை எந்த உடைமாற்றும் அறையும் மறக்காது.

இன்னொன்று, ஊருக்குப் போவது. நம் குடும்பங்கள் இங்கே பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூலையில்தான் டிக்கெட் எடுக்கின்றன. லீக் கோப்பையின் குழு ஆட்டங்கள் ஜூலையிலேயே தொடங்கிவிடும், அதற்கான பயிற்சி ஜூனில் ஆரம்பிக்கும். புது வீரர் அந்த வாரங்களில் இல்லாவிட்டால் ஆகஸ்டில் அவனுக்கு இடம் இருக்காது. அடுத்த வருடம் முதல் அவன் மட்டும் தேர்வு முடிந்த கையோடு மே மாதக் கடைசியில் தாத்தா பாட்டியைப் பார்த்துவிட்டு ஜூன் நடுவில் திரும்பட்டும். இந்த ஜூலைக்கு ஏற்கெனவே டிக்கெட் போட்டாயிற்று என்றால், கையெழுத்துக்கு முன்பே கிளப்பிடம் சொல்லிவிடுங்கள்.