மரத்தடிச் சண்டை: ஒரு வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

கஜா புயலுக்குப் பிறகு மரம் அறுக்க வந்த ஆட்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நானும் அந்த வேலைதான் செய்கிறேன். டிப்ளமோ முடித்தும் வேலை சரியாக அமையவில்லை. இரண்டு வருடமாகத் தாய்மாமாவோடு மரம் வெட்டப் போகிறேன். மாமா மிஷின் பிடிப்பார், நான் கயிறு. கிளை கழிக்கவும் லோடு ஏற்றவும் இன்னும் இரண்டு பேர்.

மாமா வீட்டில் தங்கமான மனுஷர். மிஷினைக் கையில் எடுத்தால் வேறு ஆள். போன மாதம் ஒரு வீட்டுக் கொல்லையில் வேப்பமரம். வீட்டுப் பக்கமாகச் சாய்ந்திருந்ததால் கயிறு கட்டி ரோட்டுப் பக்கம் இழுத்துப் போட வேண்டியிருந்தது. மாமா பின்பக்கம் அறுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு பள்ளிக்கூடப் பையன் சைக்கிளோடு உள்ளே வந்துவிட்டான். கத்தினேன், மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை. கயிற்றை விட்டுவிட்டு ஓடிப்போய் பையனைப் பிடித்தேன். அதற்குள் மரம் பின்னால் உட்கார்ந்து மிஷினைக் கவ்விக்கொண்டது. மாமா எல்லார் முன்னாலும் என் அம்மாவை, அதாவது தன் சொந்த அக்காவை, இழுத்து வைத்துத் திட்டிக் கன்னத்தில் அறைந்துவிட்டார்.

அதிலிருந்து நான் வேலைக்குப் போகவில்லை. அம்மா, "மாமன் அடிக்காம வேற யாருடா அடிப்பா, போ" என்கிறார். கூட வேலை பார்ப்பவர்கள், "மர வேலையில இதெல்லாம் சகஜம்" என்கிறார்கள். இந்தத் தொழிலின் குணமே இதுதானா? நான் செய்தது தப்பா?

பெயர் வேண்டாம்,
புதுக்கோட்டை மாவட்டம்

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பையனைப் பிடித்தது சரி. அதில் உங்களுக்கு எந்தச் சந்தேகமும் வேண்டாம்.

ஆனால் அந்த நொடியில் உங்கள் மாமா நின்ற இடத்தையும் பார்க்க வேண்டும். மரம் விழ வேண்டிய பக்கத்தில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்துக்கொண்டே வருகிறார். நடுவில் மெல்லிசாக விட்டுவைக்கும் மரம்தான் கீல் மாதிரி மரத்தைத் திருப்பி விடுகிறது. வீட்டுப் பக்கம் சாய்ந்த மரத்தை அந்த மெல்லிய பிடிப்பும் உங்கள் கயிறும் மட்டும்தான் தாங்கிக்கொண்டிருந்தன. கயிறு தளர்ந்ததும் மரம் பின்னால் வந்து மிஷினைக் கவ்வியது. அதோடு நின்றது அதிர்ஷ்டம்தான். பிடிப்பு முறிந்திருந்தால் மரம் வீட்டின் மேல் போயிருக்கும், நடுவில் உங்கள் மாமா இருந்தார். அவர் பையனைப் பார்க்கவில்லை. மிஷின் சிக்கியது, கயிறு தொங்கியது, நீங்கள் இடத்தில் இல்லை. அவர் கண்ணில் பட்டது அவ்வளவுதான். அவர் கத்தியது பயத்தில்.

அறைந்தது வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தக் கதையில் ஒரு ஆள் இல்லை, கவனித்தீர்களா? ரோட்டுப் பக்கம் நின்று ஆள் நடமாட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள். அவர் இருந்திருந்தால் பையன் வாசலிலேயே நின்றிருப்பான், நீங்கள் கயிற்றை விட்டிருக்க மாட்டீர்கள். கயிறும் வெறும் கையில் இருந்திருக்கிறது. ஒரு கப்பி போட்டு, மறுமுனையை நல்ல கனமான அடிமரம் ஒன்றில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தால் நீங்கள் விட்டாலும் இறுக்கம் போயிருக்காது. பின்வெட்டுக்குள் ஆப்பு அடித்திருந்தால் மரம் உட்கார்ந்திருக்காது. நான் பார்த்த மரத்தடிச் சண்டைகளில் அநேகமும் இப்படித்தான். தோண்டிப் பார்த்தால் அடியில் ஏதோ ஒன்று குறையும். ஆளோ, கயிறோ, அரை மணி நேரமோ. அந்தக் குறையைத் தொண்டையால் ஈடுகட்டப் பார்க்கிறார்கள்.

ஏன் குறைகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். மொத்த ரேட் பேசி வேலை எடுப்பது. பக்கத்து ஊர் ஆள் குறைத்துக் கேட்பான் என்று இவரும் குறைத்துக் கேட்கிறார். பெட்ரோலைக் குறைக்க முடியாது, வண்டி வாடகையைக் குறைக்க முடியாது. ஐந்து பேர் போக வேண்டிய வேலைக்கு நான்கு பேர் போகிறார்கள். மிச்சமாகும் ஒரு கூலிதான் லாபம். சாயங்காலத்துக்குள் லோடு ஏறவில்லை என்றால் அதுவும் போச்சு. அந்த அவசரத்தில் மரத்தடியில் நிற்பவரிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது கஷ்டம். வீட்டுக்காரர்களையும் சொல்ல வேண்டும். காம்பவுண்டில் ஒரு செங்கல் பெயர்ந்தால் கூலியில் பிடித்துக்கொள்ளும் ஆட்கள், 'உங்களில் யார் ரோட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள்' என்று ஒரு நாளும் கேட்பதில்லை.

அப்புறம் சத்தம். மிஷின் பிடிப்பவரின் காதருகே நூறு டெசிபலுக்குக் குறையாது, பெரிய மிஷின் என்றால் 110-ஐயும் தாண்டும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும் என்பது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் கணக்கு. அதன்படி 100 டெசிபல் என்றால் பதினைந்தே நிமிடம். நம் ஆட்கள் காதில் பஞ்சுகூட வைக்காமல் நாள் முழுக்க ஓட்டுகிறார்கள். மிஷினை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் காது மந்தமாக இருக்கும். தான் எவ்வளவு உரக்கப் பேசுகிறோம் என்று அவருக்கே தெரியாது. "அந்தக் கயித்த எடு" என்பது எதிரில் நிற்பவனுக்கு அதட்டல் மாதிரிதான் போய்ச் சேரும். அவன் முறைக்கிறான், இவர் "என்ன முறைக்கிற" என்கிறார். சண்டை ஆரம்பம்.

வடகாட்டுப் பக்கம் ஒரு பலாத்தோப்பில் பார்த்ததைச் சொல்கிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா கரையேறி, நான்கு மாவட்டங்களில் தோப்புகள் படுத்துவிட்டிருந்தன. கண்ட இடத்திலிருந்தெல்லாம் மிஷின்கள் வந்து இறங்கின. விழுந்த தென்னையை அப்படியே போட்டு வைத்தால் மக்கும் அடிமரத்தில் காண்டாமிருக வண்டு பெருகும், மிஞ்சிய மரத்துக்கும் கேடு என்று ஒரு பக்கம் அவசரம். பிள்ளையாக வளர்த்த மரத்தைத் துண்டு போடுவதைப் பார்க்க முடியாமல் வீட்டுக்காரர்கள் ஆட்களிடம் எரிந்து விழுந்தார்கள். ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள்.

பலா வேரோடு பெயர்ந்து விழும்போது வேர்ச்சட்டம் மண்ணோடு செங்குத்தாகச் சுவர் மாதிரி நிற்கும். பின்னால் ஆள் உயரக் குழி. அடிமரத்தை அறுத்து விட்டால், மரத்தின் கனம் போனதும் அந்தச் சுவர் சட்டென்று திரும்பக் குழிக்குள் உட்கார்ந்துவிடும். குழியில் யாராவது இருந்தால் சத்தம்கூட வெளியே வராது. அந்தக் குழுவில் ஒரு வயதானவர் ஒவ்வொரு வெட்டுக்கு முன்பும் சுற்றிப்போய்க் குழியை எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு வந்து மிஷின்காரரின் கண்ணுக்கு நேரே நின்று கையைத் தூக்குவார். அதற்குப் பிறகுதான் வெட்டு. மிஷின் பிடித்தது இருபத்தைந்து வயசு இருக்கும் ஒரு பையன். அவனுக்குப் பொறுக்கவில்லை. "எத்தன தடவய்யா பாப்ப, உள்ள புதையலா இருக்கு?" என்றான். அடுத்த மரத்தில் "யோவ்" என்றான். அதற்கடுத்ததில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னான்.

பெரியவர் பதிலே பேசவில்லை. கையைத் தூக்காமல் போய் ஒரு அடிமரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டார். கை தூக்காமல் வெட்டக்கூடாது என்பது அந்தக் குழுவின் வழக்கம், பையனாலும் மீற முடியவில்லை. மிஷின் சும்மா உறுமிக்கொண்டிருந்தது, அப்புறம் அணைந்தது. மேஸ்திரி வந்தார். யார் சரி என்று கேட்கவில்லை. மிஷினை வாங்கிச் செயினை விரலால் தடவிப் பார்த்தார். "பொடியா கொட்டுதுடா, சுருளே வரல. அரம் போட்டுட்டு வா" என்றார். அவ்வளவுதான்.

செயின் மழுங்கினால் மரத்தூள் மாவு மாதிரி வரும். மிஷின் தானாக இறங்காது, ஆள் அழுத்த வேண்டும், கை வலிக்கும், புகை வரும், எரிச்சல் ஏறும். அந்தப் பையனின் கோபத்தில் பாதி அந்தச் செயினில் இருந்தது. மீதிப் பாதிக்கும் அதே மருந்துதான் கிடைத்தது. அரம் போடுவது அவசரத்தில் நடக்கிற காரியம் இல்லை. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே சாய்வில், ஒரே எண்ணிக்கையில் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் கூடினால் வெட்டு கோணிக்கொண்டு போகும். கோபத்தில் இருப்பவனை "அமைதியா இரு" என்றால் இன்னும் ஏறும். அவன் கையில் அரத்தைக் கொடுத்தால் மூச்சு தானாக இறங்கும். பையன் எழுந்து வந்தபோது பெரியவரிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. தண்ணி பாட்டிலை நீட்டினான், அவர் வாங்கிக் குடித்தார், வேலை நடந்தது.

இதில் நான் சும்மா விட மனம் இல்லாத ஒன்று இருக்கிறது. வயதில் மூத்தவரை ஒருமையில் கூப்பிடுவது. மிஷின்காரர் ஒரு சாதி, கிளை இழுப்பவர் வேறு சாதி என்றால் இருபது வயசுக்காரன் அறுபது வயசுக்காரரை "டேய்" என்பது நம் பக்கம் இன்னும் நடக்கிறது. அப்படிக் கூப்பிடப்படுகிறவர் ஆபத்தைப் பார்த்தாலும் வாய் திறக்க யோசிப்பார். 'நாம சொல்லிக் கேக்கவா போறான்' என்று இருந்துவிடுவார். மரம் யார் மேலும் விழும். குழுவில் கடைசி ஆளுக்கும் "நிறுத்து" என்று சொல்லும் உரிமை வேண்டும். சொன்னால் மிஷின் நிற்க வேண்டும். ஏன் என்ற கேள்வி மரம் பத்திரமான பிறகு.

மர வேலைக்கென்று அமெரிக்காவில் 1972-ல் முதல் பாதுகாப்புத் தரம் வந்தது, இசட்133 என்பார்கள். மரம் கழிக்கும் வேலையில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் விடாமல் போய்க் கேட்டதால்தான் அதற்கான குழுவே அமைந்தது. மேலே இருப்பவர் "விலகு" என்று குரல் கொடுக்க வேண்டும், கீழே இருப்பவர் "விலகியாச்சு" என்று பதில் சொல்ல வேண்டும், பதில் வராமல் எதையும் கீழே விடக்கூடாது என்ற முறை அதில் இருக்கிறது. குரல் எட்டாவிட்டால் முன்கூட்டியே பேசி வைத்த கை ஜாடை. இதற்குக் காசு செலவே இல்லை. அறந்தாங்கிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் கண்டக்டர் விசில் வைத்திருக்கிறார்கள். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம். யாருக்கும் கற்றுக்கொடுக்கவே வேண்டியதில்லை, பஸ்ஸில் கேட்டு வளர்ந்ததுதானே. விசிலை மட்டும் நம்பாமல், மிஷின்காரர் அவ்வப்போது ஆக்சிலேட்டரை விட்டுத் தலையைத் தூக்கிக் கயிற்றுக்காரரைப் பார்த்துக்கொள்கிறார்.

சரி, அறைக்கு வருவோம். மரம் விழுவதற்கு முன் வரும் கத்தல் உயிரைக் காப்பாற்றும். அதில் மரியாதை பார்க்கக்கூடாது, நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளக்கூடாது. மரம் நின்ற பிறகு, ஆபத்து போன பிறகு வரும் அடியும் தாயைச் சொல்லும் வசவும் யாரையும் காப்பாற்றுவதில்லை. அதைச் 'சகஜம்' என்று சொல்பவர்கள் தாங்கள் வாங்கியதைத் தாண்டி வந்த மாதிரி காட்டிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அறை வாங்கியவன் அடுத்த முறை பையன் வந்தாலும் கயிற்றை விடலாமா வேண்டாமா என்று ஒரு நொடி யோசிப்பான். உங்கள் மாமாவுக்கு அந்த ஒரு நொடியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவருக்குப் புரியும். தொழில் தெரிந்தவர்.

அம்மா சொல்வதை மறுத்துப் பேசத் தயங்காதீர்கள். தாய்மாமனுக்குக் காதுகுத்திலும் கல்யாணத்திலும் இருக்கும் உரிமை பெரியது, நான் குறைத்துச் சொல்லவில்லை. மரத்தடியில் அவர் மேஸ்திரி, நீங்கள் வேலையாள். அங்கே அடிக்கிற உரிமை யாருக்கும் கிடையாது. அவர் திட்டியது யாரை என்பதையும் அம்மாவிடம் அப்படியே சொல்லிவிடுங்கள். தம்பியிடம் முதலில் பேச வேண்டியவர் அவர்தான்.

நீங்கள் பேசப் போவது வேலை இடத்தில் வேண்டாம், குடித்திருக்கும் நேரத்திலும் வேண்டாம். காலையில் வீட்டுக்குப் போங்கள். மன்னிப்பை முதலில் கேட்காதீர்கள், அவராலும் கொடுக்க முடியாமல் பேச்சு முறிந்துவிடும். "மாமா, ரோட்டுக்கு ஒரு ஆள் இருந்தா நான் கயித்த விட்டிருக்க மாட்டேன்" என்று ஆரம்பியுங்கள். அந்த ஆளின் கூலியை ரேட்டில் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். கணக்கு நீங்கள் போட்டுக் கொடுங்கள், டிப்ளமோ படித்திருக்கிறீர்கள். ஒரு வேலை கைவிட்டுப் போனாலும் போகட்டும். இன்னொன்று: மிஷினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன், யார் எங்கே நிற்பது, மரம் திசை மாறினால் யார் எந்தப் பக்கம் ஓடுவது என்று நான்கு பேரும் நின்று வாய்விட்டுப் பேச வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு நிமிடம் ஆகும்.

இதற்கு அவர் ஒத்துக்கொண்டால் போங்கள். அறைக்கு வருத்தம் தெரிவிக்காவிட்டாலும், ஐந்தாவது ஆளை வைத்துவிட்டால் நான் அதை வருத்தமாகவே எடுத்துக்கொள்வேன். ஆனால் இன்னொரு தடவை கை நீண்டால் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள். ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால் எனக்கு எழுதுங்கள். விசில் வைத்திருக்கும் அந்தக் குழு கயிற்றுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறது, பேசி வைக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்