ஸாக்கோவின் நாக்கு: கேள்வி பதில்

மொரீஷியஸில் எங்கள் தமிழ் வட்டத்தில் போன வாரம் குரங்குப் பேச்சுதான். இங்கே குரங்கை ஸாக்கோ என்போம். உயிரியல் வாத்தியாராக இருந்தவன் என்பதால் கேள்விகளை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

சூயாக்கிலிருந்து ஒரு தங்கை: அண்ணா, ஸாக்கோ எங்கள் தோட்டத்தில் அடிக்கரும்பை மட்டும் கடித்துச் சக்கையைத் துப்பிவிட்டுப் போகிறதே, எப்படித் தெரியும் அதற்கு?

நமக்குத் தெரிகிற மாதிரிதான், கடித்துப் பார்த்து. கரும்பு அடியிலிருந்துதான் முற்றும், நுனி சப்பென்றிருக்கும். நாக்கில் இரண்டு புரதங்கள் ஜோடியாக நிற்கின்றன. சர்க்கரை வந்து அதில் உட்கார்ந்தால் இனிப்பு. பூனைக்கு அதில் ஒன்று பழுது, அதனால் அதற்கு இனிப்பே தெரியாது. குரங்குக்கு இரண்டும் வேலை செய்கின்றன.

ரோஸ் ஹில் தம்பி: எல்லாக் குரங்குக்கும் ஒரே அளவா, ஐயா?

இல்லை, சுவாரசியமே அங்கேதான். தென் அமெரிக்கச் சிலந்திக் குரங்குக்குப் பழம்தான் சோறு. ஒரு லிட்டர் தண்ணீரில் 1 கிராம் சர்க்கரை கரைத்தாலே கண்டுபிடித்துவிடும். நம் ஊர்க் குரங்கின் உறவான பன்றிவால் குரங்குக்கு 3 கிராமுக்கு மேல் வேண்டும். நீலகிரிக் கருமந்தி இன்னொரு கதை. அது இலை தின்னி. வயிற்றின் முன்னறையில் நுண்ணுயிர்கள் இலையைப் புளிக்க வைக்கின்றன. அங்கே பழுத்த இனிப்புப் பழம் நிறையப் போனால் அமிலம் ஏறி வயிறு கெட்டுவிடும். அந்த வகைக் குரங்குகள் காய், விதை என்று போவது அதனால்தான்.

க்யூர்பீப் அக்கா: சர்க்கரை இல்லாத கோலா பாட்டிலை ஒரு குரங்கு பிடுங்கிக் குடித்தது. அதற்கு இனித்திருக்குமா?

இனித்திருக்கும். அதிலுள்ள அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கு இனிக்கும், தென் அமெரிக்கக் குரங்குகளுக்கு இனிக்காது. மேற்கு ஆப்பிரிக்கக் கொடி ஒன்றின் பழத்திலும் இப்படித்தான், பிரசைன் என்ற புரதம் உண்டு. சர்க்கரை கொடுக்காமலே இனிக்கிற சரியான ஏமாற்று வேலை. கொரில்லாவின் நாக்குப் புரதம் மாறியிருப்பதால் அது ஏமாறுவதில்லை என்கிறார்கள். பாட்டிலை இனி உள்ளே வையுங்கள், அக்கா.

வாக்வாவிலிருந்து ஒரு பெரியவர்: கங்கா தலா ஏரிக் கோயிலில் குரங்கு ரொட்டியை விழுங்காமல் கன்னத்தில் அடக்கிவைத்துக்கொள்கிறதே?

அது கன்னப்பை, ஐயா. போன சிவராத்திரியில் ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரு கன்னமும் புடைத்திருக்க, புறங்கையால் வெளியிலிருந்து அமுக்கி அமுக்கி ரொட்டியை வாய்க்குத் தள்ளியது. பையில் ஊறும்போதே உமிழ்நீர் மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக்கிவிடும். ஜப்பானியக் குரங்குக்கு மால்டோஸ் நம்மைவிட நன்றாகவே தெரியும் என்று சோதித்திருக்கிறார்கள். நாம் வெறும் ரொட்டி என்று நினைப்பது அதற்கு மிட்டாயாக இருக்கலாம்.

ஷாமரேல் தம்பி: லிச்சி மரத்தில் மிளகாய்த் தூள் தூவினால் வராதா?

உறைக்கும், வராது. ஆனால் உங்கள் ஊரில் சாயங்காலம் மழை வந்துவிடும். வலை கட்டுங்கள்.