நோட்டீஸ் அப்புறம், முதலில் பழைய போர்டை வாங்குங்கள்

கேள்வி: பாலக்கோட்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். வைகாசி முகூர்த்தத்தில் எடுத்த கல்யாணங்கள் எல்லாம் ஒரே எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்கில் இருந்தன. கடைப் பையன் அவசரத்தில் லேப்டாப் அடாப்டரைச் சொருகிவிட்டான், டிஸ்க் அப்படியே நின்றுவிட்டது. தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு டிஸ்கில் வேறு சர்க்யூட் போர்டு மாட்டிப் பார்த்துவிட்டு, டேட்டா போய்விட்டது என்று திருப்பிக் கொடுத்தார்கள். பழைய போர்டைக் கேட்டால் ஸ்கிராப்பில் போட்டுவிட்டோம் என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார் கடைக்காரர். நேரில் போனபோது நாலு பேர் முன்னால் அசிங்கமாகப் பேசினார். கல்யாண வீட்டார் தினமும் வந்து சத்தம் போடுகிறார்கள், தூக்கமே இல்லை. 10 லட்சம் நஷ்டஈடும் மோசடி வழக்கும் போட முடியுமா?

பதில்: மோசடி வழக்கை மறந்துவிடுங்கள். பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும், இங்கே நடந்தது வேலை தெரியாமல் செய்த வேலை. ஸ்டேஷனில் சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவார்கள். தகவல் தொழில்நுட்ப (ஐடி) சட்டத்தின் 43-ம் பிரிவைச் சிலர் சொல்வார்கள், அது அனுமதி இல்லாமல் கை வைத்தவருக்கு, நீங்கள் டிஸ்க்கை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். கடைக்காரர் பேசிய பேச்சு வருத்தமானதுதான், ஆனால் வழக்கில் அதற்கு எடை கிடையாது.

எடை உள்ளது ஒன்றுதான். கடைக்குள் போகும்போது டேட்டா உயிரோடு இருந்தது, கடைக்காரர் செய்ததால்தான் போனது என்று காட்ட முடியுமா? நுகர்வோர் வழக்கில் சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் எஸ்ஜிஎஸ் இந்தியா வழக்கில் சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்ததுமே, 12 வோல்ட் டிஸ்கில் 19 வோல்ட் அடாப்டரைச் சொருகியது யார் என்று கேட்பார்.

அதற்கான பதில் அந்தப் பழைய போர்டில் இருக்கிறது. அதிக வோல்டேஜ் வந்தால் முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் போர்டில் இருக்கும் பாதுகாப்பு டயோடு. போட்டோக்கள் இருப்பது உள்ளே சுழலும் தட்டில். டயோடோடு நின்றிருந்தால் தட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் இன்றைய டிஸ்க்குகளில் அதே மாடல் போர்டை வாங்கி மாட்டினால் மட்டும் ஓடாது. போர்டில் எட்டுக் கால் உள்ள ஒரு சின்ன ரோம் (ROM) சிப் இருக்கும், அந்த ஒரு டிஸ்க்குக்கு மட்டுமே உரிய அளவீடுகள் அதில் எழுதியிருக்கும், அதைக் கழற்றிப் புதுப் போர்டில் வைக்க வேண்டும் அல்லது அதிலிருப்பதைக் காப்பி எடுக்க வேண்டும். சில எக்ஸ்டெர்னல் டிஸ்க்குகளில் டேட்டாவைப் பூட்டி வைக்கும் என்க்ரிப்ஷனும் அதன் சொந்த போர்டைச் சார்ந்தே இருக்கும். ஆகவே டேட்டா போய்விட்டது என்று கடைக்காரர் சொன்னதை நீங்களே நம்பி 10 லட்சம் கேட்பது தப்பு. போனது போர்டு. டேட்டா போனதாக இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் என்னிடம் வருகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கோபத்தில் முதல் வேலையாக வக்கீல் நோட்டீஸ் விடுவார்கள். நோட்டீஸ் போன மறுநாளே பழைய போர்டு காணாமல் போகும், அல்லது ஏதோ ஒரு போர்டைக் கவரில் போட்டுக் கொடுத்து இதுதான் உங்களுடையது என்பார்கள். அதைவிட மோசம், வழக்கு நடக்கும்போதே சொந்தக்காரர் சொன்னார் என்று இன்னொரு கடைக்குப் போவது. அங்கே மேல்மூடியைத் திறந்து பார்ப்பார்கள், தூசி இல்லாத அறை கிடையாது, டேட்டாவைப் படிக்கும் ஹெட்டும் தட்டும் உரசி, அதுவரை நன்றாக இருந்த போட்டோக்களும் போகும். அதோடு முதல் கடைக்காரர் தப்பித்துவிடுவார். நான் கொடுத்தபோது மூடி சீலோடு இருந்தது, திறந்தது யார் என்று அவர் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. டிஸ்க்கை இனி கம்ப்யூட்டரில் மாட்டவே மாட்டாதீர்கள். இருக்கிற நிலையிலேயே எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து, கவரில் போட்டு சீல் வைத்து, தேதி எழுதி வையுங்கள்.

போர்டைக் கேட்கப் போகும்போது நீங்கள் போகாதீர்கள், பொறுமையாகப் பேசக்கூடிய ஒருவரை அனுப்புங்கள். ஸ்கிராப்பில் போட்டேன் என்பது பல நேரம் தேடிப் பார்க்கவில்லை என்பதுதான், இப்படிக் கடைகளில் பழைய போர்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள். கிடைத்தால் போர்டில் அச்சடித்த எண் தெரியும்படி, வாங்கும் இடத்திலேயே போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். கிடைக்கவே இல்லை என்றாலும் கை வெறுமை இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 160, 161 பிரிவுகளின்படி, ஒப்படைத்த பொருளை வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், தராவிட்டால் இழப்புக்கு அவர் பொறுப்பு. டேட்டா நஷ்டத்தை நிரூபிப்பதைவிட இது எவ்வளவோ எளிது, அவர் வாயாலேயே வாய்ஸ் மெசேஜில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த போனை மாற்றாதீர்கள், எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். மின்னணு ஆதாரத்துக்கு 2023 சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்ய அது வேண்டும்.

தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட உங்களுக்கு 2 வருடம் அவகாசம் உண்டு, நீங்கள் கொடுத்த 3,500-க்குக் கட்டணமும் கிடையாது. வியாபாரத்துக்காக எடுத்த சேவை, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று முதலில் ஆட்சேபிப்பார்கள். நீங்களே கேமரா பிடித்துப் பிழைக்கிற சுயதொழில் என்றால் சமாளிக்கலாம், நாலைந்து ஆள் வைத்து நடத்தினால் சிரமம். ரசீதில் டேட்டாவுக்குப் பொறுப்பல்ல என்று அச்சடித்திருந்து அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டிருந்தால் இன்னும் சிரமம்.

இதை எல்லாம் வைத்துச் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். 3,500 திரும்ப வரட்டும், பெங்களூரில் முறையான ரெக்கவரி லேபுக்கு ஆகும் செலவில் பாதியாவது கடைக்காரர் ஏற்கட்டும். ஓசூர் தாண்டினால் லேப், வழக்கு முடியும்வரை கல்யாண வீட்டார் காத்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு எதிர்மனுதாரர் நீங்கள்தான் என்பதை மறக்க வேண்டாம், காப்பி ஏன் வைக்கவில்லை என்ற கேள்வி அங்கே உங்களை நோக்கி வரும். மெமரி கார்டுகளை அழித்திருந்தாலும் மேலே புதிதாக எதுவும் எடுக்காமல் அவற்றையும் லேபுக்கு அனுப்புங்கள், ஆல்பம் டிசைனரிடம் போன பைல்களைக் கேளுங்கள்.

சமாதானக் கடிதத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். பாதிச் செலவைக் கையில் கொடுக்கும்போதே, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்துக் கேட்பார்கள். லேப் ரிப்போர்ட் கைக்கு வரும்வரை அந்த வரி இல்லாமல் பணம் பெற்ற ரசீது மட்டும் எழுதிக் கொடுங்கள்.