சபைச் சண்டை வெறுத்துப்போச்சு, சபையை விட்டுவிடலாமா?

கேள்வி: சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஞானஸ்நானம் பெற்று, விசுவாசத்தை நானே அறிக்கையிடும் திடப்படுத்தலும் எடுத்தவன் நான். போன சபைத் தேர்தலில் ஊர் இரண்டு அணியாகப் பிரிந்தது. சித்தப்பாவோடு பேச்சே நின்றுபோனது. இப்போது ஆராதனையை யூடியூபில்தான் பார்க்கிறேன். மறுபடி சபையில் உறுதியாக நிலைத்திருக்க என்ன வழி?

பதில்: சகோதரரே, உங்கள் மனவருத்தம் நியாயமானது. ஆனால் சண்டை வந்த சபை என்பதாலேயே அது கெட்டுப்போன சபை ஆகிவிடாது. எருசலேம் சபையார் உபதேசத்திலும் ஜெபத்திலும் உறுதியாய்த் தரித்திருந்தார்கள் என்று அப்போஸ்தலர் 2-ஆம் அதிகாரம் சொல்கிறது. அதே சபையில் 6-ஆம் அதிகாரத்தில் முறுமுறுப்பு. கிரேக்க மொழி பேசிய யூதர்களின் விதவைகளுக்கு அன்றாடப் பந்தியில் பங்கு சரியாகக் கிடைக்கவில்லை. குறையை வாய்விட்டுச் சொன்னார்கள். சபை கூடி ஏழு பேரைத் தெரிந்தெடுத்தது. அந்த ஏழு பேரின் பெயர்களைப் பாருங்கள், எல்லாமே கிரேக்கப் பெயர்கள். குறைப்பட்ட பக்கத்தாரிடமே பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

முதலில் சித்தப்பா வீட்டுக்குப் போங்கள். தனியாகப் போங்கள், மத்தேயு 18 சொல்லும் முதல் படி அதுதான். வாட்ஸப் குழுவில் இந்தப் பேச்சை எடுக்கவே வேண்டாம். தேர்தலில் யார் பக்கம் நியாயம் என்று தீர்க்கவும் போகாதீர்கள். "சித்தப்பா, பேசாம இருக்கிறது மனசுக்குக் கஷ்டமா இருக்கு" என்றால் போதும். அவர் முகம் கொடுக்காவிட்டால் கொஞ்ச நாள் விட்டு மறுபடி போங்கள்.

அடுத்து, அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து ஆராதனைக்கு நேரில் போங்கள். நம் ஆராதனை முறையில் சமாதானம் கைமாறி வருமே, ஒருவர் கூப்பிய கையை மற்றவர் இரு கையாலும் பொதிந்து வாங்கி, அடுத்தவருக்குக் கொடுப்பது? அது திரையில் கிடைக்காது. நோயாளிகளுக்கும் வேலை நிமித்தம் தூரத்தில் இருப்பவர்களுக்கும் யூடியூப் பெரிய உதவிதான். உள்ளூரில் நடமாடுகிற உங்களுக்கு அது போதாது.

அப்புறம், பதவி இல்லாத ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கான ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வகுப்பு, அல்லது படுத்த படுக்கையாய் இருக்கும் ஒரு பெரியவரை வாரம் ஒருமுறை பார்த்து ஜெபிப்பது. சபையார் எல்லாரும் கூடி உண்ணும் அசனப் பண்டிகைக்கு முந்தின ராத்திரி காய் நறுக்க உட்காருங்கள். கத்தரிக்காய்க் குவியலைச் சுற்றி இரண்டு அணிக்காரர்களும் ஒரே பாயில்தான் இருப்பார்கள். நீங்கள் வராத வாரம் ஒருவராவது உங்களைத் தேடும்படி ஒரு வேலை இருந்தால், மனம் சோர்ந்த ஞாயிற்றுக்கிழமையிலும் கால் தானாகக் கோயிலுக்கு நடக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பிள்ளைகளிடமோ பெண்களிடமோ யாராவது தகாத விதமாய் நடந்தால், "சபைப் பெயர் கெடும்" என்று மூடிவைக்காதீர்கள். காவல்துறையில் புகார் கொடுங்கள். காணிக்கைப் பணத்தில் கையாடல் என்றால் கமிட்டியில் கணக்குக் கேளுங்கள், அங்கே பதில் இல்லையென்றால் சபைகளுக்கு மேலுள்ள திருமண்டலத்துக்கு எழுதுங்கள். இத்தனைக்குப் பிறகும் அங்கே ஆராதிக்கவே முடியவில்லை என்றால், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். சபைப் போதகரான ஆயரிடம் நேரில் காரணத்தைச் சொல்லி, கடிதம் வாங்கி, பக்கத்துச் சபையில் முறையாகச் சேர்ந்துகொள்ளுங்கள்.